நேரம் தவறாத பெட்டி

புதுச்சேரி என்றதும் பிரெஞ்சுக் கட்டடங்களையும் ஆசிரமத்தையும் நினைக்கிறவர்கள் தொழிற்பேட்டைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இது கம்ப்யூட்டர் செய்த ஊர். சேதராப்பட்டில் எச்.சி.எல்., தட்டாஞ்சாவடியில் விப்ரோ, அப்புறம் ஏசர், லெனோவோ என்று கம்பெனிகள் வந்தன. யூனியன் பிரதேசத்தின் வரிச் சலுகையும், சென்னைத் துறைமுகம் 150 கிலோமீட்டரில் இருந்ததும் அவர்களை இங்கே இழுத்தன. மதர்போர்டும் டிஸ்க்கும் கப்பலில் வரும். இங்கே பெட்டியில் பூட்டி, ஓட்டிப் பார்த்து, அட்டைப்பெட்டியில் கட்டி, நாடு முழுக்க அனுப்புவார்கள். நான் இருக்கும் கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்தும் பக்கத்து வைத்திக்குப்பத்திலிருந்தும் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போனார்கள்.

சில வருஷங்களில் அந்தப் பெட்டிகள் பழசாகின. அரசு ஆபீஸ், பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை என்று எல்லா இடத்திலிருந்தும் காயலான் கடைக்கு வந்து குவிந்தன. அங்கே அவற்றுக்கு இரும்பு விலைதான். ஆனால் லேத்தும் மில்லிங்கும் தெரிந்த சிலர் அந்தக் குவியலைக் கிளறி, ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். பின்னால் 25 ஓட்டை உள்ள பிரிண்டர் சாக்கெட் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்தார்கள். வீட்டில் கட்டிய, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மில்லிங் மெஷின்களின் கதை இந்த ஊரில் அந்தக் குவியலிலிருந்து தொடங்குகிறது.

நான் மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். படித்த காலத்தில் சி.என்.சி. என்பது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் பொருள். தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதைத் தொட அனுமதி கிடையாது. கையில் கிடைத்ததெல்லாம் கைப்பிடி சுற்றும் மில்லிங் மெஷின். எங்கள் தெருவில் ரோடியர் மில் பிட்டர் ஒருவர் இருந்தார். 1898இல் தொடங்கி 2020இல் மூடிய அந்த ஆலையின் ஒர்க்‌ஷாப்பில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். ஸ்லைடில் நீலம் தடவி, உயர்ந்த இடத்தை ஸ்கிரேப்பரால் மயிரிழை மயிரிழையாகச் சீவிச் சமன் செய்வது எப்படி என்று எனக்குக் காட்டியவர் அவர். என் மெஷினின் இரும்பெல்லாம் அவர் கற்றுத்தந்த கையால் ஆனது. ஸ்டெப்பர் மோட்டாரும் டிரைவரும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன. மூளை காயலான் கடையிலிருந்து வந்தது.

மெஷினுக்கு மூளை வைக்கும் வேலை அமெரிக்காவில் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைக்கான வளைவு அச்சுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடினார். வளைவின் மேல் ஏராளமான புள்ளிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் கட்டரைக் கொண்டுபோனால் மிச்சத்தை அரத்தால் தேய்த்துவிடலாம் என்பது அவர் யோசனை. 1949இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் கொடுத்தது. வேலை எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகத்துக்குப் போனது. 1952இல் அவர்கள் காட்டிய மில்லிங் மெஷினில், கட்டளையைத் துளையிட்ட நாடாவிலிருந்து படித்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வால்வு வால்வாக நூற்றுக்கணக்கில் எரிந்தன. பெட்டி கிட்டத்தட்ட மெஷின் அளவுக்கே பெரியது. அதற்குப் பிறகும் பல காலம் கட்டுப்பாட்டுப் பெட்டி விலை கூடியதாகவே இருந்தது. வீட்டுக்குள் வர அதற்கு வழியே இல்லை.

வழியைத் திறந்தவை இரண்டு. ஒன்று அந்தப் பிரிண்டர் சாக்கெட். 1970இல் சென்ட்ரானிக்ஸ் என்ற பிரிண்டர் கம்பெனி வகுத்த இணைப்பை 1981இல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரில் வைத்தது. அதில் எட்டுக் கம்பிகள் தரவுக்கானவை. 378 என்ற முகவரியில் ஒரு எண்ணை எழுதினால் அந்த எட்டில் எது 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று அந்தக் கணமே நடக்கும். இடையில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எட்டுக் கம்பியில் நாலு மோட்டாரை ஓட்டலாம்: ஒவ்வொன்றுக்கும் 'ஒரு அடி வை' என்று ஒரு கம்பி, 'எந்தத் திசை' என்று ஒரு கம்பி.

இன்னொன்று ஒரு அரசு நிறுவனம் செய்த காரியம். அமெரிக்காவின் அளவைகள் நிறுவனமான நிஸ்ட் 1990களில் இ.எம்.சி. என்ற கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதியது. 1995இல் மிச்சிகனில் பான்டியாக் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், நாலு அச்சு உள்ள ஒரு பெரிய மெஷினில் அதை ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்க அரசு ஊழியர் வேலையாக எழுதியதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. அதனால் அந்த நிரல் எல்லோருக்கும் பொதுவானது. 2000க்குப் பிறகு தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். அதே பெயரில் ஒரு பெரிய கம்பெனி இருந்ததால் 2011இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாற்றினார்கள். நடுவில் ஆர்ட் ஃபெனர்ட்டி என்பவர் விண்டோஸில் ஓடும் மாக் வரிசையைக் கொண்டுவந்தார். மாக் 3 இல்லாத வீட்டு ஒர்க்‌ஷாப் அப்போது குறைவு. முகம் தெரியாத இந்த மனிதர்கள் மேல் எனக்குள்ள நன்றி சின்னதல்ல. அவர்கள் எழுதியதைப் பூட்டி வைத்திருந்தால் குருசுக்குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு எஞ்சினுக்கு அலுமினிய பிராக்கெட் வெட்டிக் கொடுக்கும் வேலை என் வீட்டுக்குள் வந்திருக்காது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வீட்டு சி.என்.சி. கட்டிய யாரும் ஒரு நாள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு." மெஷின் தயங்குகிறது, மோட்டார் கரகரவென்று சத்தம் போடுகிறது, வட்டம் வட்டமாக வரவில்லை. உடனே ராம் கூட்டுவார்கள், புது ப்ராசசர் வாங்குவார்கள். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. சில நேரம் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

என் மெஷினின் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி. டிரைவர் ஒவ்வொரு அடியையும் 8 ஆகப் பிரிக்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், ஒரு மில்லிமீட்டருக்கு 320. மேசை நிமிஷத்துக்கு 1200 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் நொடிக்கு 6400 பல்ஸ் வேண்டும். அதாவது 156 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பல்ஸ். மைக்ரோ செகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 6400 தடவை ஒரு கம்பியை ஏற்றி இறக்குவது எந்தப் பழைய பென்டியத்துக்கும் பெரிய வேலையல்ல. ஆனால் அந்த 6400உம் சமமான இடைவெளியில் போக வேண்டும். கச்சேரியில் மிருதங்கக்காரர் எத்தனை வேகமாக வாசிக்கிறார் என்பதைவிட அடி தாளத்தில் விழுகிறதா என்பதுதானே முக்கியம். ஒரு பல்ஸ் தாமதித்து, அடுத்தது வழக்கமான நேரத்துக்கே வந்தால், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அது திடீரென்று பிரேக் போட்டு உடனே உதைத்த மாதிரி. பாரம் ஏறிய நேரமாக இருந்தால் மோட்டார் பிடி விட்டுவிடும்.

ஆபீஸுக்குச் செய்த கம்ப்யூட்டர் இந்த ஒழுங்குக்குப் பழகியதல்ல. கடிதம் அடிக்கிறவருக்கு ஒரு எழுத்து கால் நொடி தாமதமாகத் திரையில் வந்தால் ஒன்றும் குடிமுழுகாது. அதனால் விண்டோஸும் சாதாரண லினக்ஸும் வேலைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. இதைச் சரிக்கட்ட நியூ மெக்சிகோவில் விக்டர் யொடைக்கன் குழுவினர் ஆர்.டி.லினக்ஸ் செய்தார்கள். மிலான் பொறியியல் பல்கலைக்கழகத்தில் பாவ்லோ மன்டெகாட்சா குழுவினர் ஆர்.டி.ஏ.ஐ. செய்தார்கள். லினக்ஸை அடியிலிருந்து தூக்கி, கீழே ஒரு கண்டிப்பான நேரக்காவலனை உட்கார வைப்பது அவர்களின் உத்தி. நேரம் வந்ததும் பல்ஸ் வேலை முதலில் நடக்கும். மிச்ச நேரம்தான் லினக்ஸுக்கு.

அந்தக் காவலனுக்கும் தெரியாமல் ஒருவன் உள்ளே இருந்தான். எங்கள் தொழிலின் சரித்திரத்தில் அதிகம் பேர் முட்டிக்கொண்ட இடம் இதுதான். 1990இல் இன்டெல் தன் 386எஸ்எல் சிப்பில் மேலாண்மை நிலை ஒன்றைச் சேர்த்தது. மடிக் கம்ப்யூட்டரின் பேட்டரியை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு அது. சூட்டைப் பார்ப்பது, ஃபேனைத் திருப்புவது, யு.எஸ்.பி. கீபோர்டைப் பழைய கீபோர்டு மாதிரி நடிக்க வைப்பது போன்ற வேலைகளுக்காக மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற நிரல் திடீரென்று ப்ராசசரை எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. போனது சில நூறு மைக்ரோ செகண்ட். கடிதம் அடிக்கிறவருக்கு அது எதுவுமில்லை. 156 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பல்ஸ் எதிர்பார்க்கும் மோட்டாருக்கு இரண்டு மூன்று பல்ஸ் அந்தக் குழியில் விழுந்துவிடும்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு வசதியும் இதே திசையில்தான் போனது. மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கி விழிக்கும் ப்ராசசர், வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங், தனி மெமரி இல்லாமல் மெயின் மெமரியிலேயே பங்கு கேட்கும் கிராஃபிக்ஸ். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட வேகம், ஆனால் நேரம் தவறுவதும் கூடியது. 2001 வாக்கில் பூட்டிய சாதாரண ஆபீஸ் பெட்டி தாளம் தப்பாமல் வெட்டிய துண்டை, அதைவிடப் பத்து மடங்கு வேகமான மடிக் கம்ப்யூட்டர் வெட்ட முடியாமல் திணறியது இதனால்தான். 2010 வாக்கில் வந்த ஆட்டம் டி510, டி525 என்ற இன்டெலின் சின்னப் பலகைகள் உலகம் முழுக்க வீட்டு சி.என்.சி.க்காரர்களுக்குப் பிரியமானவை ஆனதற்கும் காரணம் வேகமல்ல. அவை மெதுவானவை. ஒரு கோரைப் பல்ஸுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால் நேரம் தப்பாதவை.

ஆகவே பெட்டியின் தரத்தைப் பார்க்கிற முறையும் மாறியது. லினக்ஸ்சிஎன்சியோடு ஒரு சோதனை நிரல் வரும். பல்ஸ் வேலை எவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறது என்பதை அது இடைவிடாமல் அளந்து, அதிகபட்சத் தாமதத்தைத் திரையில் வைத்திருக்கும். அதை ஓடவிட்டுப் பெட்டியைப் படுத்த வேண்டும்: பெரிய ஃபைலை நகலெடு, ஜன்னல்களை இங்குமங்கும் இழு, படம் ஓட்டு, யு.எஸ்.பி.யைச் சொருகி எடு. 15, 20 மைக்ரோ செகண்டுக்குள் நின்றால் அருமையான பெட்டி. 30, 50 என்றால் ஓட்டலாம், வேகம் கொஞ்சம் குறையும். 100ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி பிரிண்டர் சாக்கெட் வழியாக மோட்டார் ஓட்ட லாயக்கில்லை. எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பது அங்கே கேள்வியே இல்லை. எண் மோசமாக வந்தால் பயாஸுக்குள் போய் மின்சாரச் சிக்கன ஏற்பாடுகளையும் ஹைப்பர் திரெடிங்கையும் யு.எஸ்.பி. பழைய கீபோர்டு ஆதரவையும் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு தடவையும் திரும்ப அளக்க வேண்டும். மதர்போர்டு கிராஃபிக்ஸை விட்டுவிட்டு ஒரு பழைய கார்டைச் சொருகினாலே பல பெட்டிகள் ஒழுங்குக்கு வந்துவிடும்.

இது எல்லா ஊருக்கும் பொது. குருசுக்குப்பத்துக்கு மட்டும் உள்ள ஒரு காரணம் கடல். 1980களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே மாட்டிக்கொண்டது. நகரத்துக் கடற்கரை கரைந்தது. கரைக்குக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொரு குப்பமாகக் கட்டுமரம் இழுத்து ஏற்றின மணலை இழந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்த காலையில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய அகலம் அங்கே இல்லை. படகு நிறுத்த இடமில்லாமல் போனதைப் பற்றி மீனவர்கள் எத்தனையோ முறை பேசிவிட்டார்கள். அதற்கு என்னைவிட அவர்களுக்கு உரிமை அதிகம். நான் சொல்ல வருவது அதோடு சேர்ந்து வந்த சின்ன விஷயம். முன்பு மணலில் படுத்து அடங்கின அலை இப்போது கல்லில் மோதித் தூளாகிறது. அந்த உப்புத் தூவல் காற்றில் வீட்டுக்குள் வருகிறது.

உப்பும் தூசியும் சேர்ந்து ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் ஒரு களி மாதிரி படியும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. ப்ராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே தடவின பசை வருஷங்களில் காய்ந்து மாவாகும். சூடு ஏறியதும் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடி மத்தியானம் திணறுகிற பெட்டிக்கு முதல் மருந்து ராம் அல்ல, பெயிண்ட் பிரஷ்ஷும் புதுப் பசையும். அந்த 2000களின் மதர்போர்டுகளில் இன்னொரு நோயும் உண்டு. 1999 முதல் ஏழெட்டு வருஷம் உலகம் முழுக்கத் தரமற்ற கெபாசிட்டர்கள் சந்தையில் கலந்தன. தலை உப்பி, பழுப்புக் கசிவோடு நிற்கும் அவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். சூடேறின சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடலாம். பிரிண்டர் கேபிளின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பல்ஸ் தொலைந்தால் பழி கம்ப்யூட்டர் மேல்தான் விழும்.

படகு எஞ்சின் வேலை பார்க்கும் பையன் ஒருவன் என்னைப் பார்த்துத் தானும் ஒரு மெஷின் கட்டினான். ஒரு நாள் ஒரு பிளேட்டோடு வந்தான்.

"மாமா, கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு. ஓட்டை தள்ளிப்போவுது."

"எவ்ளோ தள்ளிப்போவுது?"

"பாயிண்ட் ஒன்னு. சில நேரம் பாயிண்ட் மூணு."

"நடுவுல? பாயிண்ட் ஒன்னரை, பாயிண்ட் ரெண்டே கால்னு வருதா?"

"இல்ல மாமா. ஒன்னு, ரெண்டு, மூணுன்னுதான் வருது."

அந்தப் பதிலில் பாதி வைத்தியம் முடிந்துவிட்டது. ஸ்டெப்பர் மோட்டார் பிடி விட்டால் இஷ்டத்துக்கு விடாது. அதன் காந்தங்கள் நாலு முழு அடிக்கு ஒரு முறைதான் பழைய நிலையைச் சந்திக்கும். அதனால் நாலு நாலாகத்தான் வழுக்கும். 200இல் 4 அடி, 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில், சரியாக 0.1 மில்லிமீட்டர். பிழை 0.1இன் மடங்காக வந்தால் மோட்டார் வழுக்கியிருக்கிறது. திசை மாறும்போது மட்டும் ஒரே அளவில் வந்தால் அது நட்டின் ஆட்டம், அதாவது பேக்லாஷ். கண்டபடி சின்னச் சின்னதாகச் சேர்ந்துகொண்டே போனால் பல்ஸ் கம்பியில் இரைச்சல். அவன் பெட்டியில் சோதனை ஓட்டிப் பார்த்ததில் தாமதம் 400ஐத் தாண்டி நின்றது. பயாஸில் இரண்டு ஏற்பாடுகளை அணைத்து, யு.எஸ்.பி. கீபோர்டைக் கழற்றி உருண்டைப் பின் உள்ள பழைய கீபோர்டைச் செருகினோம். 18க்கு வந்தது. புதுப் பெட்டிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் அவன் எண்ட் மில் வாங்கினான்.

கம்ப்யூட்டரும் சரி, மோட்டாரும் சரி, ஆனாலும் வளைவுகளில் மெஷின் விக்கி விக்கிப் போகும் இன்னொரு வகை உண்டு. வரைபட மென்பொருள் ஒரு அழகான வளைவை ஆயிரக்கணக்கான குட்டி நேர்கோடுகளாக உடைத்துக் கொடுக்கும். பழைய லினக்ஸ்சிஎன்சியின் திட்டமிடும் பகுதி அடுத்த ஒரு கோட்டுக்கு மேல் எட்டிப் பார்க்காது. அந்தக் கோட்டின் முடிவுக்குள் நிற்க முடிகிற வேகத்தில்தான் ஓடும். கோடு 0.1 மில்லிமீட்டர், மேசையின் முடுக்கம் நொடிக்கு நொடி 200 மில்லிமீட்டர் என்றால் வேகம் நிமிஷத்துக்கு 380ஐத் தாண்டாது, 1200 கேட்டாலும். எத்தனை விலையுயர்ந்த ப்ராசசர் போட்டாலும் அந்த 380தான். கோட்டிலிருந்து இம்மியளவு விலகிச் செல்ல, மெஷினுக்குக் கட்டளை எழுதும் ஜி-கோடு மொழியின் ஜி64 கட்டளையில் அனுமதி கொடுத்தால் குட்டிக் கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து மெஷின் வழுக்கிக்கொண்டு போகும். 2015இல் வந்த 2.7 பதிப்பில் ராபர்ட் எல்லன்பெர்க் எழுதிய புதிய திட்டமிடும் பகுதி பல கோடுகள் முன்னால் பார்க்கத் தொடங்கியது. பழைய பெட்டிகள் அதே சிப்போடு ஒரே நாளில் வேகம் கூடிய மாதிரி ஆனது.

அதற்குள் பிரிண்டர் சாக்கெட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. புதுப் பெட்டிகளில் அந்த 25 ஓட்டை வருவதே நின்றது. 64 பிட் விண்டோஸில் மாக் 3 அதன் வழியாக ஓடாது. நார்வேயில் சிமன் ஸ்வாலெ ஸ்கொக்ஸ்ரூட் 2009இல் ஜிஆர்பிஎல் என்ற நிரலை ஆர்டுவினோ என்ற சின்னப் பலகைக்கு எழுதினார். 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ராம். நாங்கள் காயலான் கடையில் ஒதுக்கின பெட்டிகூட அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனால் அந்தச் சிப்புக்கு வேறு வேலை இல்லை. நொடிக்கு 30,000 பல்ஸ் வரை சமமாகக் கொடுக்கும். ஜன்னல் திறக்காது, ஃபேன் பார்க்காது. கம்ப்யூட்டர் வெறும் தபால்காரனாகி ஜி-கோடு வரிகளைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். கனமான மெஷின் வைத்திருந்தவர்கள் மேசா போன்ற கார்டுகளுக்குப் போனார்கள். அங்கேயும் பல்ஸை ஒரு தனிச் சிப் பார்த்துக்கொள்ளும்.

2024 செப்டம்பரில் லினக்ஸின் மையத்தில் நேரம் தவறாமையை ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொண்டார்கள். தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் இருபது வருஷத்துக்குப் பக்கமாக வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேலை அது. 6.12 பதிப்பிலிருந்து தனியாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. அந்தப் பதிப்போடு ஒரு சின்னப் பலகையை வாங்கி வைத்திருக்கிறேன். மோட்டார் கம்பியை அதில் செருகுவதற்கு முன்னால் சோதனை நிரலை ஓடவிட்டு, ஒரு முழுப் பகல், ஏப்ரல் மாதத்துப் பகல், பெட்டி மூடிய நிலையில் விட்டுப் பார்க்க வேண்டும். 50க்குள் நின்றால் பல்ஸை அதிலிருந்தே கொடுக்கலாம். தாண்டினால் அதற்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு தனிக் கார்டு வாங்க வேண்டியிருக்கும்.